மடகாஸ்கரில் நான் விழுங்கிய வாக்கியம்

போன மாதம் எங்கள் பங்கிலிருந்து எட்டு இளைஞர்கள் ஆப்பிரிக்காவுக்கு மூன்று வார நற்செய்திப் பயணம் கிளம்பினார்கள். அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் ஒரு வழியனுப்பு. "முசியே, நீங்க மடகாஸ்கர் போய் வந்தவர்தானே, பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று பங்குச் சாமியார் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். சொன்னேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், பாஸ்போர்ட் நகலைத் தனிப் பையில் வையுங்கள், உள்ளூர் மொழியில் வணக்கமும் நன்றியுமாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று பத்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். டீயும் சமோசாவும் வந்தது.

வீட்டுக்கு வந்து ஈசிச்சேரில் சாய்ந்த பிறகுதான் உறுத்தியது. சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது நான் அரைக்கால் சட்டை போட்ட பையன். பிரெவே வரை பிரெஞ்சுதான். பிறகு ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி எல்.டி.சி. ஆனேன், யு.டி.சி. ஆனேன், 2010-இல் அசிஸ்டென்ட்டாக ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் என் பிரெஞ்சுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரமோ பிறப்புப் பதிவேடோ ஏதாவது ஃபைலில் வந்தால் என் மேஜைக்கு அனுப்புவார்கள். நான் மொழிபெயர்த்துக் கொடுப்பேன். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஒருவன் மனை இன்னொருவனுக்குப் போய்விடும் என்பதால் வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்ப்பேன். "இவர் மொழிபெயர்த்ததை மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை" என்று ஒரு மேலதிகாரி ஃபைலில் எழுதியதன் நகலை இன்னும் வைத்திருக்கிறேன். பின்னால் வரப்போகிற விஷயத்துக்காகத்தான் இந்தப் பெருமையைச் சொல்கிறேன்.

2014 மே மாதம் அந்தப் பயணம். மடகாஸ்கரில் தாதியாக வேலை பார்க்கிற எங்கள் ஊர்ச் சிஸ்டர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, அங்கே மலைக்கிராமங்களில் சாமியார் வருடத்துக்கு மூன்று நான்கு முறைதான் வர முடியும், மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரே செபம் நடத்துகிறார் என்று சொன்னார். அதைக் கேட்ட எங்கள் செபக் குழுவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. பன்னிரண்டு பேர், பதினாறு நாள் என்று முடிவாயிற்று. அங்கே ஒரு வேளாங்கண்ணி மாதா கெபி கட்டுவது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, துணிமணி கொடுப்பது, தினமும் செபக் கூட்டம் நடத்துவது என்று திட்டம். குழுத் தலைவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். செலவில் பெரும்பங்கு அவருடையது. "அண்ணே, அங்க பிரெஞ்சு பேசுவாங்களாமே, நீங்க வரலேன்னா எங்களுக்கு வாயே கிடையாது" என்றார். என் டிக்கெட்டிலும் பாதி அவர் கொடுத்ததுதான். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு நற்செய்தி ஆவேசம் அவ்வளவு இல்லை. ஐம்பது வருடமாக அலமாரியில் கிடந்த என் பிரெஞ்சை நாலு பேர் முன்னால் எடுத்து உதற ஒரு வாய்ப்பு. அந்த ஆசைதான். மனைவிக்கு அது தெரியும். "போயிட்டு வாங்க. ஆனா அங்க போயும் இலக்கணம் திருத்தாதீங்க" என்றாள்.

சென்னையிலிருந்து மொரிஷியஸ், அங்கிருந்து அன்டனானாரிவோ. மாதா சுரூபத்தைப் போர்வையில் சுற்றி, குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் தலைவரே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தலைநகரிலிருந்து ஃபியனாரன்த்சுவா என்ற ஊருக்குத் தெற்கே நானூறு கிலோமீட்டர், ஒரே மலைப்பாதை. அந்தப் பெயருக்கு நல்லதைக் கற்கிற இடம் என்று பொருளாம். வழியெல்லாம் படிப்படியாக நெல்வயல். அறுவடை முடிகிற சமயம். களத்தில் கதிர் அடிக்கிறார்கள், செம்மண் செங்கல் வீட்டு முற்றங்களில் பாய் விரித்து நெல் காய்கிறது. கண்ணை மூடித் திறந்தால் நம் ஊர்ப் பக்கம்தான் என்று தோன்றும். ஆனால் குளிர் விடவில்லை. மே மாதத்தில் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. புதுச்சேரி வெயிலில் வளர்ந்த எங்களுக்கு இரவில் பல் கிட்டிப் போயிற்று.

சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வேளையும் சோறு. மற்றதெல்லாம் அதற்குத் துணை. மரவள்ளி இலையை இடித்துப் பன்றிக்கறியோடு வேகவைத்த ஒரு கூட்டு, எங்கள் பெண்கள் முகம் சுளித்தார்கள், நான் இரண்டாம் முறை வாங்கினேன். சோறு வடித்த பானையின் அடிக்காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துச் சூடாகக் குடிக்கிறார்கள். ரானுவோலா என்று பெயர். என் பாட்டியின் நீராகாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஒரு விஷயம் மட்டும் முதல் நாளே சங்கடப்படுத்தியது. தெருப்பிள்ளைகள் எங்களைப் பார்த்து "வசாஹா, வசாஹா" என்று கத்தினார்கள். வெளிநாட்டுக்காரர், முக்கியமாக வெள்ளைக்காரர் என்று அர்த்தம். எங்கள் கூட்டத்துக்குச் சிரிப்பு. ஆனால் பெரியவர்கள் தங்களுக்குள் "கரானா" என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிற, பெரும்பாலும் குஜராத்தி வம்சாவளியினருக்கு அந்தப் பெயர். மரியாதையும் கசப்பும் கலந்த பெயர் என்பது சொன்ன தொனியிலேயே தெரிந்தது. நாங்கள் செபமாலையோடு இறங்கினோம், அவர்கள் கண்ணுக்கு வியாபாரிகளாகத் தெரிந்தோம்.

துணிமணி கதை இன்னும் வேடிக்கை. ஆறு பெட்டி நிறையப் பழைய துணி தூக்கிக்கொண்டு போனோம். விமானத்தில் அதிக எடைக்குப் பணம் வேறு கட்டினோம். வழியில் அன்சிராபேயில் சந்தை வழியாக வேன் போனபோது பார்த்தால் வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பழைய துணி தரையில் மலைபோல் குவிந்து கிடக்கிறது, ஏலம் போடுவதுபோல் கூவி விற்கிறார்கள். அந்த நாடு முழுக்க அப்படித்தானாம். எங்கள் பெட்டிகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேனுக்குள் கொஞ்ச நேரம் பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

ஃபியனாரன்த்சுவாவிலிருந்து மண்சாலையில் மூன்று மணி நேரம் போனால் நாங்கள் தங்க வேண்டிய கிராமம். சிஸ்டர் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மருந்தகத்தில் ஆள் இல்லை என்று மறுநாளே நகரத்துக்குத் திரும்பிவிட்டார். ஐந்தாம் நாள் வருவதாகச் சொன்னார். அதுவரை தமிழும் மலகாசியும் தெரிந்த ஆள் கிடையாது. உபதேசியாருக்கு மலகாசியும் பிரெஞ்சும் தெரியும். எனக்குப் பிரெஞ்சும் தமிழும். அந்த ஐந்து நாளும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் பாலம்.

என் பிரெஞ்சு எடுபடும் என்று நினைத்துப் போனேன். எடுபட்டது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. கோயில் திண்ணையில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கற்ற சுத்தமான உச்சரிப்பில் நலம் விசாரித்தேன். அவர் சடாரென்று எழுந்து, தொப்பியைக் கழற்றி, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் காலத்தில் அப்படிப் பேசியவர்கள் பள்ளி இன்ஸ்பெக்டரும் வரி அதிகாரியும்தான். 1947-இல் அங்கே பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை எப்படி அடக்கினார்கள், எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்தப் பெரியவருக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது இருந்திருக்கும்.

அவரை உட்கார வைக்க நான் பட்ட பாடு! கடைசியில் லா ஃபோன்தேனின் காகமும் நரியும்தான் கைகொடுத்தது. நான் முதல் அடியைச் சொன்னேன், அவர் இரண்டாவதைச் சொன்னார். இருவரும் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்ததுதான். எங்கள் ஊரில் அந்தக் காகத்தின் வாயில் பாலாடைக்கட்டி கிடையாது, பாட்டி சுட்ட வடை என்று சொன்னதும் பல்லில்லாத வாயால் சிரித்துத் தீர்த்துவிட்டார்.

ஆனால் நாற்பது வயதுக்காரர்களிடம் என் பிரெஞ்சு செல்லவில்லை. 1970-களில் பள்ளிகளை மலகாசி மொழிக்கு மாற்றியபோது படித்த தலைமுறை அது. ஊரை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். அவர்களோடு எனக்கு நேரடியாக ஒரு வார்த்தை பேச முடியாது.

இரண்டாம் நாள் மாலை வரவேற்புக் கூட்டம். அதற்கு முன் விருந்து. கோழி அடித்திருந்தார்கள். என் தட்டில் கோழியின் பின்பக்கத் துண்டை, அந்தக் கொழுத்த துண்டை, வைத்தார்கள். நான் ஓரமாக ஒதுக்கினேன். உபதேசியார் காதோடு சொன்னார்: "ஐயா, இது வீட்டில் மூத்தவருக்கு மட்டும் கொடுப்பது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அன்றைக்கு நான் விழுங்கியவற்றில் அது ஒன்றுதான் செரித்தது.

கூட்டத்தில் முதலில் ஊர்ப் பெரியவர் பேசினார். கபாரி என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு முறை உண்டு. பேசுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்பார்கள். முன்னோரை அழைப்பார்கள், பழமொழி மேல் பழமொழி அடுக்குவார்கள், சொல்ல வந்ததைச் சுற்றி மூன்று வலம் வந்துதான் உள்ளே நுழைவார்கள். மாட்டேன் என்பதைக் கூடப் பன்னீர் தெளித்துத்தான் சொல்வார்கள். அவருக்குப் பிறகு ஒரு பெண் எழுந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். தோளில் போர்த்திய வெள்ளைத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு ஆறு நிமிடம் பேசினார். உபதேசியார் அதைச் சுற்று வழியெல்லாம் நீக்கி எனக்குத் தெளிவான பிரெஞ்சில் சொன்னார். கையேட்டில் குறித்துக்கொண்டேன். அந்தக் கையேடு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பெண் சொன்னது இது. நீங்கள் கடல் தாண்டி மாதாவைக் கொண்டு வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம். மாதா ஏற்கெனவே எங்கள் வீடுகளில் இருக்கிறார், தனக்கென்று ஒரு வீடு இல்லை என்று கோபிக்க மாட்டார். ஆனால் எங்கள் நெல்லுக்கு வீடு இல்லை. ஊர்ப் பொதுக் களஞ்சியத்தின் தகரக் கூரை புயலில் போய்விட்டது. வீட்டில் வைத்தால் எலி. அதனால் அறுவடையானதும் லாரிக்காரர் கேட்ட விலைக்கு விற்கிறோம், ஜனவரியில் அதே அரிசியை ஏறக்குறைய இரண்டு பங்கு விலை கொடுத்து வாங்குகிறோம், வாங்க முடியாதவர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்கிறோம். கெபிக்கு வைத்திருக்கிற பணத்தில் முதலில் கூரை போட்டுக் கொடுத்தால், கெபிக்கு வேண்டிய செங்கலை நாங்களே அறுத்துச் சுட்டு அடுத்த வருடம் கட்டிவிடுகிறோம். இந்த வருடம் நெல்லுக்கு வீடு, அடுத்த வருடம் மாதாவுக்கு வீடு.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். தலைவர் மடியில் சுரூபம். அவர் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. அந்த சுரூபத்தை வேளாங்கண்ணியிலேயே வாங்கி, அங்கேயே மந்திரித்து, தன் மகள் குணமானதற்கு நேர்ச்சையாகக் கொண்டுவந்திருந்தார்.

நான் சொன்னேன்: "நம்ம வந்ததில ரொம்ப சந்தோஷமாம் தம்பி. மாதா ஏற்கெனவே அவங்க வீடுகள்ல இருக்காங்களாம். கெபிக்கு வேண்டிய செங்கலை அவங்களே தர்றாங்களாம்."

பாருங்கள், இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. எல்லாம் அந்தப் பெண் சொன்னதுதான். முப்பத்தைந்து வருடம் ஃபைல் எழுதியவனுக்கு இது கைவந்த கலை. மேலதிகாரிக்குப் பிடிக்காததை மறுக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். பத்திரத்தில் கமாவைத் தேடியவன், மனுஷி பேசியதில் பாதியைத் தின்றுவிட்டேன்.

எங்கள் கூட்டம் கை தட்டியது. தலைவர் அழுதேவிட்டார். எதிரே அந்தப் பெண்ணும் சிரித்தார். தான் கேட்டதற்குத்தான் நாங்கள் கை தட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் என்னவோ புரண்டது. காலையில் தலைவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

காலையில் நான் எழுவதற்குள் கோயிலுக்குப் பக்கத்தில் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் வந்து நின்று பார்த்தார். உபதேசியார் அவரிடம் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். மதியம் தலையில் செங்கல் சுமந்து வந்தார். கூட இன்னும் நாலு பெண்கள். தருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, நாங்கள் ஏற்றுக்கொண்டதாக அறிவித்துவிட்டோம், இனி இல்லை என்பது அங்கே வழக்கமில்லை.

வேலை நடந்தது. சிமெண்ட் வாங்கப் போன இடத்தில் ஒரு கூத்து. அந்த நாட்டு நாணயம் அரியாரி, அப்போது நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 40 கிடைத்தது. ஆனால் பழைய பிராங்க் போய் பல வருடம் ஆகியும் கிராமத்தார் விலையைப் பிராங்கிலேயே சொல்கிறார்கள். ஐந்து பிராங்க் ஒரு அரியாரி. தலைவர் ஒரு மூட்டை விலையைக் கேட்டு ஐந்து மடங்கு என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டார். அணா கணக்குச் சொல்லும் என் தாத்தா நினைவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் வெள்ளையடித்தோம். சுவரைவிட எங்கள் மேல்தான் சுண்ணாம்பு அதிகம். ஊர்க் கொத்தனார் இரண்டு பேர் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வேலையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் அதையும் நான் யாரிடமும் சுட்டிக்காட்டவில்லை.

ஐந்தாம் நாள் சிஸ்டர் வந்தார். அன்றைக்குத்தான் லாரியும் வந்தது. கோயில் திடலில் நிறுத்தி, தராசு மாட்டி, நெல் மூட்டைகளை எடை போட்டார்கள். வரிசையில் அந்தப் பெண்ணும் நின்றார். நானும் சிஸ்டரும் திண்ணையிலிருந்து பார்த்தோம். அங்கே அரிசியை அளக்கிற அளவு கப்புவாக்கா, அதாவது கண்டென்ஸ்டு மில்க் டின். மூன்றரை டின் ஒரு கிலோ. ஜனவரியிலிருந்து அறுவடை வரை பஞ்ச காலம், ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை டின் என்பதே பேச்சாக இருக்கும் என்று சிஸ்டர் சொன்னார். வீட்டுக்குள் நெல் வைத்தால் எலி, எலி வந்தால் அதன் பின்னால் பிளேக், இந்த மலைப்பகுதியில் அது இன்னும் ஒழியவில்லை, தானே பார்த்திருப்பதாகச் சொன்னார். பிளேக் என்பது எனக்குப் பாடப்புத்தக வார்த்தை. அவர் அதைச் சளிக்காய்ச்சல் மாதிரி சொன்னார்.

"ஏன் முசியே, கூட்டத்தில களஞ்சியத்தைப் பத்தி இவங்க ஒண்ணும் கேக்கலையா? கேப்போம்னு என்கிட்ட சொல்லியிருந்தாங்களே."

"ஏதோ சொன்னாங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. கெபியில் சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கோயிலில் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது, இதுவரை சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் ஏதோ ஒரு மாதா என்று நினைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். அது விக்துவார் ரசோமனாரிவோ. அந்நாட்டுப் பிரதமர் குடும்பத்துப் பெண். 1883-இல் பிரான்சோடு சண்டை மூண்டபோது பிரெஞ்சுக் குருமார்களை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் கத்தோலிக்கருக்குச் சாமியாரே இல்லை. இந்த அம்மாள் மற்ற பொதுநிலையினரைச் சேர்த்துக்கொண்டு கோயில்களைப் பூட்டாமல் செபத்தை நடத்திக் காப்பாற்றினார். 1886-இல் குருமார்கள் திரும்பி வந்தபோது சபை அப்படியே இருந்தது. 1989-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அன்டனானாரிவோவுக்கே வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். உபதேசியார்தான் இதையெல்லாம் சொன்னார். தினமும் இரவில் அவர் நடத்திய செபத்தில் நாலு குரலில் பிரித்துப் பாடுவார்கள், வாத்தியம் ஒன்றும் கிடையாது. எங்கள் கீபோர்டை மூன்றாம் நாளே பெட்டியில் வைத்துவிட்டோம்.

கடைசி இரவு நானும் உபதேசியாரும் அடுப்படியில் ரானுவோலா குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே சமையல் மாடியில்தான், புகை கண்ணைக் கரிக்கும். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, மன்னிக்க வேண்டும். எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் தமிழ் மிகவும் சுருக்கமான மொழியோ?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"அன்று அந்த அம்மாள் ஆறு நிமிடம் பேசினார். நான் நாலு நிமிடம் சொன்னேன். நீங்கள் ஒரு மூச்சில் முடித்துவிட்டீர்கள். நல்ல மொழி. காகிதம் மிச்சம்."

கபாரி என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பிரெஞ்சில் அதற்குப் பதில் இல்லை. புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேனில் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்புசித்ரா தாண்டியதும் கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை வரிக்கு வரி தமிழில் படித்தேன், அலுவலகத்தில் பத்திரம் படிப்பதுபோல. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். முடிந்ததும் என்மேல் எரிந்து விழுவார் என்று காத்திருந்தேன்.

"நான் ஹார்டுவேர் கடைக்காரன் அண்ணே" என்றார். "தகரம் என்ன விலை, எத்தனை ஷீட் வேணும்னு நின்ன நிலையில கணக்குப் போட்டிருப்பேன். மாதாவை அடுத்த வருஷம் வைக்கலாம்னு சொன்னா நான் கேக்க மாட்டேனா? அவ்வளவு மோசமானவனாவா உங்களுக்குத் தெரிஞ்சேன்?"

இரண்டு மணி நேரம் அவர் பேசவில்லை. அன்சிராபேயில் காபி குடிக்க இறங்கியபோது எல்லார் கையிலும் மிச்சமிருந்த பணத்தைத் தொப்பியில் வாங்கினார். சிஸ்டருக்குப் போன் செய்து, அனுப்புவதற்கு வழி கேட்டார். நான் என் ஏர்போர்ட் செலவுக்கு வைத்திருந்ததைப் போட்டேன். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்த பிறகும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுத்ததில்லை, ஒரு முறை தவிர.

அது 2015-இல், தவக்காலத்தில். அந்த உபதேசியார் சிஸ்டர் மூலமாகக் கடிதம் எழுதியிருந்தார். கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாள், பிரெஞ்சில், பென்சிலால் எழுதி அதன்மேல் பேனாவால் எழுதியது. செபக் குழுக் கூட்டத்தில் தலைவர் அதை என்னிடம் நீட்டி, "படிங்கண்ணே, முழுசா" என்றார்.

படித்தேன். அனுப்பிய பணத்தில் தகரம் பாதிக் கூரைக்குத்தான் வந்தது. மீதிக்கு வைக்கோல் வேய்ந்திருக்கிறார்கள். போன அறுவடை அதற்குள் லாரியில் போய்விட்டதால் இந்த வருடமும் ஜனவரி கஷ்டமாகத்தான் இருந்தது. வரப்போகும் அறுவடையில் பத்தொன்பது குடும்பங்கள் நெல் வைப்பதாகப் பெயர் கொடுத்திருக்கின்றன. கணக்கு எழுதுவது அந்தப் பெண். பள்ளிச் சுவரின் சுண்ணாம்பு மழையில் உரிந்துவிட்டது. கெபி நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணெய் விலை அதிகம் என்பதால் விளக்கு ஏற்றுவதில்லை, பெருநாட்களில் மட்டும் ஏற்றுகிறோம், மன்னிக்கவும்.

கடைசி வரியில் நாக்கு ஒரு கணம் நின்றது. தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் படித்தேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் யாரோ டீ கொண்டுவந்தார்கள். தலைவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மீதிப் பாதிக் கூரைக்கு எத்தனை ஷீட்டுன்னு எழுதிக் கேளுங்க" என்றார்.